அந்தப் பேரில் யாரும் இல்லை

என் செல்போனில் ‘எடுக்காதே’ என்று பேர் போட்டு வைத்த நம்பர்கள் இன்னும் அழியாமல் கிடக்கின்றன. எடுக்காதே ஆவடி, எடுக்காதே பொம்பளை, எடுக்காதே இந்திக்காரன், வெறும் எடுக்காதே. இப்போது அதிலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அழிக்கக் கை வரவில்லை. அழித்துவிட்டு, மறுபடி கூப்பிட்டால் யாரென்று தெரியாமல் எடுத்துவிடுவேனோ என்று பயம்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. கேஸை அணைத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து பார்ப்பேன். ரயிலில் டிக்கெட்டைப் பையில் வைக்க மாட்டேன், உள்ளங்கையிலேயே வைத்திருந்து வேர்வையில் எழுத்து கலைந்துவிடும். அப்பா படுத்த படுக்கையானபோது ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அச்சடித்த காகிதம் எதைப் பார்த்தாலும், எனக்குப் புரியாத வரியில்தான் எனக்கு ஆகாத விஷயம் இருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது. இந்தத் தடவை இருந்தது.

திருமுல்லைவாயிலில் நாங்கள் குடியிருந்த வீட்டை ஓனரம்மா விற்கப் போவதாகச் சொன்னார். பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். "நீங்க வாங்கிக்கிறதா இருந்தா நான் வெளியே சொல்ல மாட்டேம்மா. தை பொறக்கிற வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல புரோக்கர்கிட்ட குடுத்துடுவேன்" என்றார். ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு, பின்னால் துணி துவைக்கிற கல். என் பிள்ளைகள் இரண்டும் அந்த ஹாலில்தான் தவழ்ந்தார்கள். ஸ்டேஷன் நடக்கிற தூரம். அந்த வீட்டை விட்டால் எங்கள் வாடகைக்கு வேறு வீடு அந்தப் பக்கத்தில் கிடைக்காது.

என் புருஷன் மினி வேனில் தண்ணீர் கேன் போடுகிறவர். அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டையில் நூல் பிசிறு, தையல் விட்டது, கறை எல்லாம் பார்க்கிற வேலை. சம்பளம் பேங்கில் விழும், பி.எஃப். உண்டு. அதனால் வீட்டுக் கடன் என் பேரில்தான் கேட்க முடியும் என்று ஆகிவிட்டது.

அம்பத்தூரில் வீட்டுக் கடன் கொடுக்கிற ஆபீஸுக்கு இரண்டு பேரும் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சின்ன வயசுக்காரர். என் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கி எதையோ தட்டினார். முகம் மாறியது. அவர் முகம் மாறுவதற்கு முன்னாலேயே நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு லோன் இருக்கே. ரெண்டும் ஒரே கம்பெனியோட குழுக் கடன். ஒண்ணு கட்டாம நிக்குது. இன்னொண்ணு ரைட் ஆஃப்."

"நான் எங்கயும் கடன் வாங்கல சார்."

"ரிப்போர்ட்ல இருக்கு."

என் புருஷன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ரைட் ஆஃப்னா தள்ளுபடி தானே சார்? அவங்களே உட்டுட்டாங்கன்னா நல்லதுதானே?"

"அவங்க கணக்குல தள்ளிட்டாங்க அண்ணா. இவங்க பேர்ல தள்ளல. இது ரெண்டும் ரிப்போர்ட்லேருந்து போற வரைக்கும் நாங்க இல்ல, யாருமே குடுக்க மாட்டாங்க" என்றார் அவர்.

வெளியே வந்து வேனில் ஏறினதும் என் புருஷன் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். "நெஜமா சொல்லுமே. எந்தக் குழுலயாவது கையெழுத்து கியெழுத்து போட்டியா? எனக்குத் தெரியாம?"

"சத்தியமா இல்ல."

"அப்போ ஏன் இப்டி நடுங்கினு கீற?"

நான் எப்போதும்தானே நடுங்குகிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரேஷன் கடையில், கொரோனா சமயத்தில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்று எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒன்று கடனாக இருந்திருந்தால்? செக்கிங் மேஜையில் சட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, என் வாழ்க்கையை ஒவ்வொரு கையெழுத்தாகத் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு நான் பாஸ் பண்ணின சட்டையில் பட்டன் ஒன்று இல்லாமலே போயிருக்கிறது. சூப்பர்வைசர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இன்னாக்கா, இது புது மாடலா?" என்று எல்லோருக்கும் காட்டினான்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. அங்கே இருக்கிற அண்ணன்தான் என் முழு ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். தப்பான கடன் இருந்தால் ரிப்போர்ட் கொடுக்கிற கம்பெனிக்கே கம்ப்ளெயின்ட் போடலாம், அவர்கள் கடன் கொடுத்தவனைக் கேட்பார்கள், அவன் ‘இது இவங்களோடது இல்லை’ என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று விளக்கினார். விளக்கிக்கொண்டே பக்கத்தைத் தள்ளினவர், நிறுத்தினார்.

"யக்கா, நீங்க திருநின்றவூர்ல எப்போ இருந்தீங்க?"

"நான் எங்க அங்க இருந்தேன்? பொறந்தது வாழ்ந்தது எல்லாம் இங்கதான்."

"அட்ரஸ்ல கீதே. அதுக்கு முன்னாடி அட்ரஸ் பாருங்க, நம்ம கோயில் குளத்தாண்ட ஒரு சந்து."

அந்தச் சந்தின் பேரை அவர் வாசித்ததும், மறுபடி வாசிக்கச் சொன்னேன். அந்தச் சந்தில் நான் இருந்ததில்லை. ஆனால் தினமும் போயிருக்கிறேன். அங்கே என் வகுப்பில் படித்தவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் என் பேர்தான்.

ஒன்றாவதில் சேர்க்கிறபோது என் அம்மாவிடம் ஹெட்மாஸ்டர் என் பிறந்த தேதியைக் கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஆடி மாசம், நல்ல மழை, மருத்துவச்சி வர லேட் ஆனது, அவ்வளவுதான். அவர் என் கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். ஜூன் மாதத்தில் ஒரு தேதியை அவரே எழுதிக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணையும் காதைத் தொடச் சொன்னார். அவள் நெட்டை, சுலபமாகத் தொட்டாள். அவளுக்கும் அதே தேதி. அந்த வருஷம் சேர்ந்த பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் பிறந்த நாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் பேரும் ஒன்று. அப்பாக்களின் பேர் வேறு வேறு, முதல் எழுத்து ஒன்று. வாத்தியார் அவளைப் பெரியவள் என்றும் என்னைச் சின்னவள் என்றும் கூப்பிட்டார். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எனக்குச் சத்தமே வராது. வாத்தியார் திட்டுவார் என்று பயம். பெரியவள்தான் எழுந்து நின்று, "ரெண்டு பேரும் வந்துகிறோம் சார்" என்பாள். வகுப்பே சிரிக்கும்.

எட்டாவது முடிந்ததும் அவளைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு பேரும் ஒருத்தியாகிப் போயிருந்தோம். அதே பேர், அதே இனிஷியல், அதே தேதி, அதே ஊர். அவள் வாங்கின கடன் என் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் வாங்கவில்லை என்று தெரிந்ததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் அவளைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ‘இந்தக் கடன் என்னுடையது இல்லை’ என்று மட்டும் போடச் சொன்னேன்.

கம்ப்ளெயின்ட் போட்ட வாரத்திலேயே போன் வர ஆரம்பித்தது.

முதல் போனை எடுத்துவிட்டேன். ஒரு ஆள் என் பேரைச் சொல்லி, "நீங்கதானே?" என்றான். ஆமாம் என்றேன். "எத்தினி நாள் ஒளிஞ்சிகினு இருப்ப? இப்ப நம்பர் கெடச்சிடுச்சி. கட்டுறியா, ஊட்டாண்ட ஆள் வரட்டுமா?" வீட்டுக் கடனுக்கு நான் கொடுத்த போன் நம்பர் அந்தக் கலந்துபோன கணக்கில் ஏறி, அங்கிருந்து வசூல்காரர்கள் கைக்குப் போய்விட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் போலவே சத்தம் வரவில்லை. கட் பண்ணிவிட்டேன்.

அதற்குப் பிறகு தெரியாத நம்பர் எதையும் எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எடுக்காதே என்று பேர் வைத்தேன். கை தவறி எடுத்துவிட்டால், கட் பண்ணுவதற்குள் காதில் விழுந்ததையும் பேரோடு சேர்த்துக்கொள்வேன். கம்பெனியில் உள்ளே போகும்போது போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த ஷிப்ட் நேரம்தான் எனக்கு உயிர். வெளியே வந்து போனைக் கையில் வாங்கும்போது அது சுட்டுவிடுமோ என்பது போல விரல் நுனியால் வாங்குவேன். வீட்டில் யாராவது கேட்டைத் தட்டினால் சமையல்கட்டில் நின்றுகொள்வேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் போய்ச் சொன்னேன். "யக்கா, யாராவது என் பேரைக் கேட்டுகினு வந்தா, அப்டி யாரும் இங்க இல்லேன்னு சொல்லிடுக்கா."

"இன்னாடி பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணல. ஆனா சொல்லிடு."

"சரி. நான் சொன்னா எவனும் நம்பிடுவான், கவலப்படாத" என்றாள். அது உண்மை. அந்தத் தெருவில் அவளை எதிர்த்துப் பேசி யாரும் ஜெயித்தது கிடையாது.

பூந்தமல்லியில் என் புருஷனுக்குத் தெரிந்த ஒருத்தன், காசு கொடுத்தால் ரிப்போர்ட்டையே துடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நான் வேண்டாம் என்றேன். "அவன் போன் பண்ணா நீ எடுக்க மாட்ட, அதுக்குத்தானே?" என்று கோபித்துக்கொண்டு கேன் அடுக்கப் போய்விட்டார்.

ஒரு மாசம் ஆவதற்குள் பதில் வந்தது. கடன் கொடுத்தவர்கள் சரிபார்த்துவிட்டார்களாம், விவரம் எல்லாம் சரியாம், மாற்ற முடியாதாம். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக் கடன் ஆபீஸ் தம்பியிடம் ஓடினேன். அவர் யார் யாரிடமோ பேசி, ஒரு நம்பரைக் குறித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்களைக் கேக்கறதுக்கு அவங்க எத்தனையோ தடவ போன் பண்ணாங்களாம். நீங்க எடுக்கவே இல்லையாமே?"

நான் போனைக் கொடுத்தேன். அவர் எடுக்காதே பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஒன்றில் நிறுத்தினார். எடுக்காதே பொம்பளை. "இதான் மேடம். உங்க கம்ப்ளெயின்ட்டை விசாரிக்கறவங்க" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுபடி கம்ப்ளெயின்ட் போட வேண்டும், அந்த நம்பர் வந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றார். "உங்க பேர்லயே இருக்கற இன்னொருத்தவங்க கணக்கு கலந்திருக்கும்னு நெனைக்கறேன். அவங்க யாருன்னு தெரிஞ்சா இன்னும் சுலபம். அவங்க ஆதார் காப்பியும், ‘இது என் கடன்’னு ஒரு லெட்டரும் வாங்கிட்டு வந்தா சீக்கிரமா பிரிச்சிடுவாங்க. தைக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்குன்னு பாத்துக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருநின்றவூர் போனேன். ரிப்போர்ட்டில் இருந்த தெருவைக் கேட்டுக் கேட்டு, ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். போகும்போதே அவளிடம் எப்படிப் பேசுவது என்று பழகிக்கொண்டு போனேன். சண்டைக்கு வரலை, ஒரு காப்பி மட்டும் குடு, என் வீடு போயிடும். அவள் அழுதால் என்ன செய்வது, அடிக்க வந்தால் என்ன செய்வது, அவள் புருஷன் குடித்திருந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் பயந்து வைத்தேன். என்னைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

தெருமுனையில் குழாயடியில் சில பெண்கள் நின்றார்கள். என் கையில் ரிப்போர்ட் வைத்த பிளாஸ்டிக் ஃபைல், தோளில் கம்பெனிப் பை. நான் என் பேரைச் சொல்லி, "அவங்க ஊடு எதும்மா?" என்றேன். பேச்சு பட்டென்று நின்றது. ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனாள். கொஞ்சத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வயசான ஒரு அம்மாள்தான் பதில் சொன்னாள். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல."

"இந்த அட்ரஸ்தான்மா போட்டுக்கீது."

"போட்டுக்கும். காலி பண்ணிகினு போய்ட்டாங்க."

"இப்பதான் அப்படி யாருமே இல்லன்னீங்க?"

பக்கத்தில் இருந்தவள் இடுப்பில் கை வைத்தாள். "இன்னாமே, ஞாயித்திக்கெழமகூட வசூலுக்கு வந்துடுறீங்க? உங்களுக்கெல்லாம் புள்ள குட்டி இல்ல? சோறு வடிக்கிற வேல இல்ல?"

"ஐயோ, நான் வசூலுக்கு வரலம்மா. ஸ்கூல்ல கூடப் படிச்சவ. திருமுல்லைவாயில்லேருந்து வரேன்."

"போன தபா வந்தவகூட சித்தி பொண்ணுன்னுதான் சொன்னா" என்றாள் அவள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

குழாய்க்கு எதிரே நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீடு. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நான் வரும்போது கேட்டது. இப்போது கேட்கவில்லை. ஜன்னல் பாதி மூடியிருந்தது. உள்ளே மிஷின் மேல் கையை வைத்தபடி, மூச்சு விடாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணால் பார்க்காமலே தெரிந்தது. எப்படி உட்கார்ந்திருப்பாள், வயிறு எங்கே இழுக்கும், எந்தச் சத்தத்துக்குக் காது நிற்கும் எல்லாம் தெரியும். நான் சமையல்கட்டில் அப்படித்தான் நிற்கிறேன். கதவைத் தட்டியிருக்கலாம். ‘நான் சின்னவ’ என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அத்தனை பேர் பார்க்க எனக்குச் சத்தம் வரவில்லை. திரும்பிவிட்டேன். ஸ்டேஷன் வந்து சேர்கிறவரை பின்னால் யாரோ வருகிற மாதிரியே இருந்தது.

இரண்டாவது கம்ப்ளெயின்ட் போட்டோம். எடுக்காதே பொம்பளை ஒரு சாயங்காலம் கூப்பிட்டாள். கம்பெனி கேட்டுக்கு வெளியே, பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டு ஓரம் நின்றிருந்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, "போன்தானே, பாம்பா அது?" என்றாள். எடுத்தேன்.

"இது நீங்கதானே?" என்று என் பேரைச் சொன்னாள். சின்னக் குரல். வயசு ரொம்பக் கம்மி இருக்கும்.

"நான்தான். ஆனா அந்தக் கடன் நான் இல்ல" என்றேன். எப்படியோ முழுசாக வந்துவிட்டது.

"சரிங்க மேடம். கடன் வாங்கினவங்க போட்டோ எங்ககிட்ட இருக்கு. உங்க ஆதாரை எடுத்துக்கிட்டு எங்க ஆவடி பிராஞ்சுக்கு வந்துடுங்க. நேர்ல பாத்துட்டா முடிச்சிடலாம்."

வசூல்காரர்கள் இருக்கிற இடத்துக்கு நானே நடந்து போக வேண்டும். என் புருஷன் வேனை வெளியே நிறுத்திவிட்டுக் கூட வந்தார். மாடியில் சின்ன ரூம். பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு சில பையன்கள். ஒருவனுடைய குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஊட்டாண்ட ஆள் வரட்டுமா என்று கேட்டவன். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் என் புருஷனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் என் முகத்தையும் ஆதாரையும் பார்த்தார். கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

நீலச் சுவர் முன்னால் அவள். அதே நெட்டைக் கழுத்து. கன்னம் வற்றிப்போய், முன்நெற்றியில் நரை. கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், அட்டெண்டன்ஸுக்கு எழுந்து நிற்கும்போது பார்ப்பது போல.

"இது நீங்க இல்ல, அது தெரியுது" என்றார் மேனேஜர். "ஆனா பேரு, தேதி, பழைய ஏரியா எல்லாம் ஒத்துப்போகுது. இவங்களை உங்களுக்குத் தெரியுமா? எங்க இருக்காங்க? நாங்க போனா அந்தத் தெருவுல யாரும் வாயே திறக்க மாட்டேங்குறாங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவன் இப்போது நிமிர்ந்து பார்த்தான். தெரியும் என்றால் இரண்டு பேரும் கூட்டு என்று நினைப்பார்கள். தெரியாது என்று சொல்லி, பிறகு தெரியும் என்று கண்டுபிடித்தால் என் கம்ப்ளெயின்ட்டே பொய் என்பார்கள். வீடு போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான் நின்றது. நீல வீடு, பாதி மூடின ஜன்னல், நின்றுபோன மிஷின், எல்லாம் என் வாய் நுனியில் இருந்தது.

"தெரியாது சார்" என்றேன்.

"ஒரே ஊருன்னு போட்டிருக்கே?"

"பெரிய ஊரு சார்."

என் புருஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கீழே வந்து வேனில் ஏறினதும், "தெரியாதா?" என்றார். "தெரியும்" என்றேன். வண்டியை எடுத்தார். நான் பயத்தில் அப்படிச் சொன்னேனா, அவளுக்காகச் சொன்னேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

மார்கழிக் கடைசியில் பிரவுசிங் சென்டர் அண்ணன் புது ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கடனும் இல்லை. திருநின்றவூர் அட்ரஸ் இல்லை. குளத்தாண்டச் சந்தும் இல்லை. "கிளீன் யக்கா" என்றார். நான் மறுபடி மறுபடி அந்தப் பக்கத்தையே பார்த்தேன். சட்டையில் தையல் விட்ட இடத்தைத் தேடுகிற மாதிரி தேடினேன். கடன் கிடைத்தது. நாங்கள் கேட்டதைவிடக் குறைவு, மீதிக்குக் கம்மல் வரைக்கும் போனது. ஓனரம்மா தை முடிகிறவரை பொறுத்துக்கொண்டார். வீடு என் பேரில் பதிவானது.

பால் காய்ச்சின அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"மறந்தே பூட்டேன்டி. போன வாரம் நீ வேலைக்குப் போயிருந்தப்ப ஒருத்தி வந்தா. உன் பேரச் சொல்லி ஊடு ஊடா கேட்டுகினு இருந்தா. அப்டி யாரும் இந்தத் தெருவுலயே இல்லன்னு அடிச்சி சொல்லி அனுப்பிட்டேன்."

"எப்டி இருந்தா?"

"நெட்டையா, ஒல்லியா. கையில ஃபைலு கியிலு ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல கூடப் படிச்சவன்னா. எல்லாரும் அப்டித்தானே சொல்லுவாங்க?" என்றாள். "கொஞ்ச நேரம் தெரு மொனையில நின்னுகினு இருந்தா. அப்புறம் போய்ட்டா."

"வேற எதுனா சொன்னாளா?"

"இல்லியே. ஏன், தெரிஞ்சவளா?"

குழாயடியில் அந்தப் பெண்கள் என்னை நம்பவில்லை என்றாலும், நான் சொன்னதை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கணக்கு தனியாகப் பிரிந்து, வசூல்காரர்கள் அவள் கதவைச் சரியாகத் தட்டிவிட்டார்களோ, என்னைத் திட்ட வந்தாளோ. நான் எதற்குத் தேடி வந்தேன் என்று கேட்க வந்தாளோ. சும்மா பார்க்க வந்தாளோ. போய்க் கேட்கலாம். ரயிலில் கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்துக்கொள்கிறேன். குழாயடியும், சாத்துகிற கதவும் ஞாபகத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் போய், இனிமேல் யாராவது என் பேரைக் கேட்டு வந்தால் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

"யாரு வந்தாலுமா?" என்றாள்.

கொஞ்சம் யோசித்தேன். "நெட்டையா இருந்தா" என்றேன்.